பிரபுவின் பேத்திகளும் என் மச்சானும்

இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் வழித்தோன்றல் சனிக்கிழமை காலைகளில் என்னோடு ரொறொன்ரோவின் கெனடி வீதி பஸ்ஸில் வந்தார். பிரபு வம்சமாக இருந்தாலும் ரிக்கெட்டைத் தானே கிழித்துப் பெட்டிக்குள் போட வேண்டியிருந்தது. இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டியிருந்தது. அதைப் பற்றி ஒருநாள் நான் பகிடி விட்டபோது, "குதிரைகளை விற்றுவிட்டோம்" என்று சிரிக்காமல் சொன்னார்.

அவரை இங்கே அம்மையார் என்றே சொல்கிறேன். நான் வேலை செய்த காப்புறுதிக் கந்தோரில் கோப்பு அறையைக் கனகாலம் கட்டி ஆண்டவர். நான் சேர்ந்த அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். ஆனாலும் ஒருவராலும் நிம்மதி அடைய முடியவில்லை. மாதத்தில் ஒரு மதியம் சாப்பாட்டு அறைக்கு வந்து, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் யாரை விட்டுப் போனார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டறிந்துவிட்டுத்தான் போவார். கலியாணம் கட்டாதவர். தனக்குச் சொந்தமாக விசாரிக்க ஒரு குடும்பம் இல்லாத குறையை எங்கள் குடும்பங்களில் தீர்த்துக்கொள்கிறார் என்று கந்தோரில் சொல்லிச் சிரிப்போம்.

உண்மையில் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. அதில் உயிரோடு ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். அறுநூறு, எழுநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு பிரபுவிடமிருந்து தன் தாயின் வழி வந்தது என்று அவர் நம்பினார். கீழேயிருந்து ஏறிக்கொண்டே போய், 'நைட்' பட்டம் பெற்ற ஒரு சாதாரண வீரப்பெருமகனும் அவன் மனைவியும் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். அந்தச் சோடியின் தாய் தகப்பன் யார் என்று தெரியவில்லை. அது தெரிந்தால் பிரபுவைத் தொட்டுவிடலாம். ஆனால் அதற்குள் அவருடைய கண்ணில் பூ விழத் தொடங்கிவிட்டது. பொடி எழுத்துப் படிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். கந்தோரில் மற்றவர்கள் எல்லோரும் சனிக்கிழமை பற்றிச் சட்டென்று ஏதோ ஒரு சாட்டுச் சொன்னார்கள். எனக்குச் சாட்டுச் சொல்லும் அளவுக்கு அப்போது ஆங்கிலம் வரவில்லை.

நகரத்தின் நடுவில் உள்ள பெரிய நூலகத்தில் எங்களுக்கென்று ஒரு மேசை மாதிரி ஆகிவிட்டது. நான் தடித்த புத்தகங்களை வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தேவையானதை நான் சிறு அட்டைகளில் எழுதுவேன். அந்த மனிதர்களைப் பற்றி அம்மையார் பேசும் விதம் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. "அந்த ஆள் மூன்றாம் மனைவியை நடத்தின விதம் சரியில்லை" என்பார். "அவளுக்கு அந்தக் காணி மேல்தான் கண்" என்பார். எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தம் பேச வந்தால் இப்படித்தானே விசாரிப்பார்கள்? யாருடைய மகன், தாய் எந்தப் பக்கம், சீதனமாக எந்த வளவு போனது. பிரபுக்களும் பிள்ளைகளுக்கு அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். கோட்டை கட்டியது இடையில் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் என்று எனக்குப் பட்டது.

இந்த நேரத்தில்தான் எனக்கும் கலியாணம் முற்றாகியது. மாப்பிள்ளை என் மச்சான். அம்மாவின் சொந்தத் தம்பியின் மகன். லண்டனில் பெற்றோல் செட் ஒன்றில் வேலை. சின்ன வயதில் என் பின்னலை இழுத்தவர், வளர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து என் அம்மாவோடு அரை மணி நேரம் கதைத்துவிட்டு, கடைசியில் "அவவிட்டைக் குடுங்கோ மாமி" என்று தயங்கிக் கேட்பவர். எனக்கு அவரில் விருப்பம். ஒருவரும் என் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளவில்லை.

ஆனால் அது கந்தோருக்குத் தெரியக்கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். காரணம் ஒரு மதியச் சாப்பாடு. எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவள், முதல் நாள் டி.வி.யில் பார்த்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னாள். எங்கோ மலைப்பக்கத்தில் மச்சானும் மச்சாளும் கலியாணம் கட்டியிருக்கிறார்களாம். சாப்பாட்டு அறை முழுக்க அருவருத்துச் சிரித்தது. என் வாய்க்குள் இடியப்பம் இருந்தது. நானும் சிரித்தேன். மாப்பிள்ளை யார் என்று அவர்கள் கேட்டபோது, "எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர்" என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லைத்தானே? அவரை எங்கள் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும்.

அம்மையாருக்கும் அதையேதான் சொன்னேன். மாப்பிள்ளை இங்கிலாந்தில் இருக்கிறார் என்று கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. என் கலியாணத்துக்காக மலர்ந்தது என்று நான் ஒரு நிமிடம் ஏமாந்துபோனேன். அந்த வீரப்பெருமகனும் மனைவியும் கல்லறைச் சிலைகளாகக் கிடக்கும் தேவாலயத்துக்கு, மாப்பிள்ளையால் ஒருதடவை போய்ப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

மச்சான் பாவம், லீவு எடுத்து இரண்டு ரயில் மாறிப் போனார். தேவாலயம் பூட்டிக் கிடந்ததாம். திறப்பு வைத்திருந்த முதியவர் தேத்தண்ணி கொடுத்து, நீ இந்த ஆட்களுக்குச் சொந்தமா என்று கேட்டாராம். மச்சானும் கூசாமல், கலியாண வழியில் சொந்தம் என்றிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு முழு அறிக்கையும் கிடைத்தது.

"உம்மடை ஆக்கள் ரண்டுபேரும் பக்கத்தில பக்கத்தில படுத்திருக்கினம். மனிசியின்ரை காலடியில ஒரு நாய்க்குட்டி. சாடையைப் பாப்பம் எண்டா, ஆருக்கும் மூக்கில்லை."

"மூக்கு எங்கை போனது?"

"ஆரோ சண்டையில உடைச்சிட்டினமாம். நான் தொடேல்லையப்பா."

படங்கள் தபாலில் வந்தன. அதில் ஒன்றில் மச்சான், வீரப்பெருமகனின் முழங்கையில் கையை வைத்து, கலியாண வீட்டில் பெரியப்பாவோடு நிற்பதுபோல் சிரித்துக்கொண்டு நின்றார். அம்மையார் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பையனை விட்டுவிடாதே" என்றார். படத்தைத் தன்னுடைய கோப்பிலேயே வைத்துக்கொண்டார். நான் கேட்டும் தரவில்லை.

விஷயம் பிடிபட்டது ஒரு பனிக்கால மதியம். பழைய காலத்தில் இரத்த உறவு உள்ளவர்கள் கலியாணம் கட்டுவதென்றால் பாப்பரசரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். பாப்பரசரின் அலுவலகம் அந்த அனுமதிகளை எழுதி வைக்க, பிற்காலத்தில் யாரோ புண்ணியவான்கள் அவற்றைச் சுருக்கி ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு போனபோது அம்மையாரின் சோடியின் பெயர்கள் என் கண்ணில் பட்டன. நான் வாசிக்க வாசிக்க அவருடைய விரல்கள் மேசையை இறுக்கிப் பிடித்தன. மாப்பிள்ளையின் தாயின் தாயும், பெண்ணின் தாயின் தாயும் உடன்பிறந்த அக்கா தங்கை. இரண்டு பேரும் அந்தப் பிரபுவின் மகள்மார்.

ஒரு வழி தேடிப் போனவருக்கு இரண்டு வழி கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள்தான். ஆனால் என் தலைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிமார் அக்கா தங்கை. அப்படியென்றால் தாய்மாரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. அப்படியென்றால் இந்த இரண்டு பேரும்?

"ஐயோ! இதுகள் அண்ணனும் தங்கச்சியுமெல்லோ!"

தமிழில்தான் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது. அடுத்த மேசையில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார்.

அம்மையாரின் முகத்தில் இரத்தமே இல்லை. "அது எங்கே எழுதியிருக்கிறது?" என்றார்.

எழுதவில்லை, கணக்குப் போட்டால் வருகிறது என்றேன். அட்டையில் கீறிக் காட்டினேன். அக்கா தங்கையின் பிள்ளைகள் சகோதரங்கள். அவர்களில் பெண்களின் பிள்ளைகளும் சகோதரங்கள். இதைக் கட்டி வைத்த பாப்பரசருக்கு என்ன பிடித்ததோ தெரியாது என்றேன். நான் உண்மையிலேயே கோபமாக இருந்தேன். இத்தனை சனிக்கிழமை பாடுபட்டு இப்படி ஒரு குடும்பத்தையா கண்டுபிடித்தோம் என்று இருந்தது. அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது பெருமூச்சு விட்டார். இங்கே அதற்குப் பெயர் தூரத்து உறவு, அவ்வளவுதான் என்றார். பிறகு, வம்சம் ஆராய்கிறவருக்கே உரிய ஆசையோடு கேட்டார்: "அப்படியானால் உங்கள் ஆட்கள் யாரைத்தான் கட்டுவார்கள்?"

அம்மையாருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அன்றுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷப் புழுகத்தில் இன்னொரு அட்டையை எடுத்தேன். ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்காவுக்கு ஒரு மகள், தம்பிக்கு ஒரு மகன். இரண்டு பேருக்கும் நடுவில் கோடு இழுத்து, "இதுதான் முறை" என்றேன்.

"இப்போதும் யாராவது அப்படிக் கட்டுகிறார்களா?"

நான் பேனையை மூடினேன். அம்மையார் அட்டையைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து மச்சானின் படத்தை எடுத்து, பூதக்கண்ணாடியை அதில் ஒருதடவை வைத்தார், என் முகத்துக்கு நேரே ஒருதடவை பிடித்தார்.

"அதே மூக்கு," என்றார் மெதுவாக. "இதற்கு அந்தப் பாப்பரசர்கூட இலேசில் அனுமதி கொடுத்திருக்கமாட்டாரே, பிள்ளை."

கந்தோரில் யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். சொல்லாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை. சுரங்க ரயிலில் கெனடி வரைக்கும் இரண்டு பேரும் எதிரே இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டு வந்தோம். பல் வைத்தியர் ஒருவரின் விளம்பரம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மையார் சாப்பாட்டு அறைக்கு வரும் நாளில் நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றேன். அடுத்த நாள் போனபோது ஒருவரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கலியாணத்துக்கு என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு வரலாம் என்று அம்மையார் எல்லோரிடமும் கேட்டாராம். அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோப்பு அறையை ஆண்ட மனிசி. எதை எப்போது எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ருக்கு, பிஸ்கற் ரின் ஒன்றோடு வந்து இறங்கினார். அம்மாவோடு பேச வேண்டுமாம். மொழிபெயர்க்க நான். கலியாணத்தை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் தடித்த கறுப்பு மார்க்கரையும் பெரிய தாளையும் எடுத்து மேசையில் வைத்தார். அம்மாவின் தாய் தகப்பன் பெயரைக் கேட்டார். பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்குப் பின் யார், யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டார்.

அம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியை ரொறொன்ரோவில் ஒருவரும் கேட்டதில்லை. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், பொழுது படும்வரை எழும்பவில்லை. இடையில் அவருக்கும் சில சந்தேகங்கள் வந்தன.

"ஏன் பிள்ளை, அண்ணனும் தங்கச்சியும் கட்டின குடும்பம் எண்டு சொன்னியே, அது இவவின்ரை ஆக்களோ?"

"மெதுவாக் கதையுங்கோ அம்மா."

"அவவுக்குத் தமிழ் விளங்கவே போகுது? அதுக்குப் பாப்பரசரும் ஓமெண்டவரோ? எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மாமா ஓமெண்டாக் காணும்."

அம்மா என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டார். உங்கள் குடும்பம் நல்ல குடும்பம் என்று சொல்கிறார் என்றேன். அவர் தலையை ஆட்டி நன்றி சொன்னார். பிறகு, குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது நோய், வருத்தம் உண்டா என்று கேட்டார். இதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. மொழிபெயர்த்தேன்.

"எல்லாருக்கும் சலரோகம்," என்றார் அம்மா. "அது கட்டினதால வந்ததில்லை எண்டு சொல்லு. சோறு திண்டதால வந்தது."

நீரிழிவு என்று அதையும் அம்மையார் எழுதிக்கொண்டார்.

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கந்தோர் ஆட்களுக்கு ஒரு தனி மேசை. அதைச் சுற்றி ஆங்கிலம் சரளமாகப் பேசும் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாதபடி நானே இருந்து திட்டம் போட்டிருந்தேன். மச்சானும் மாமாவும் லண்டனிலிருந்து வந்திருந்தார்கள். மாமாவை நான் மாமா என்று கூப்பிடுவதில் ஆபத்தில்லை. அவர் எப்படிப் பார்த்தாலும் எனக்கு மாமாதான். இனி என்ன வரப்போகிறது என்று நிம்மதியாகக் கழுத்தை நீட்டினேன்.

தாலி ஏறி, மேளம் ஓய்ந்து, நிமிர்ந்து பார்க்கிறேன். மண்டப வாசலில், நிறைகுடத்துக்கு மேலே, கதவளவு அகலத்தில் ஒரு அட்டவணை தொங்குகிறது. பக்கத்தில் அம்மையார், தொப்பியோடு. பிரபுக்களுக்குக் கீறுவது போலவே கீறியிருந்தார். மேலே என் அம்மப்பாவும் அம்மம்மாவும். அவர்களிடமிருந்து கோடுகள் இறங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொழும்பு, பாரிஸ், லண்டன், ரொறொன்ரோ என்று விரிந்து, கீழே நானும் மச்சானும் என்ற இடத்தில் இரண்டு கோடுகள் வந்து முட்டின. கண்ணில் பூ விழுந்தவர் எழுதிய கொட்டை எழுத்து. மணவறையிலிருந்தே எனக்கு ஒவ்வொரு பெயரும் தெரிந்தது.

கந்தோர் ஆட்கள் கையில் பழரசத்தோடு அதைச் சுற்றி நின்றார்கள். டி.வி. நிகழ்ச்சிக் கதை சொன்னவள் என் பெயரில் ஒரு விரலை வைத்தாள். மற்றக் கை விரலை மச்சானின் பெயரில் வைத்தாள். இரண்டு விரல்களும் மெல்ல மேலே ஏறின. மேலே போய் ஒன்றையொன்று தொட்டன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னால் எழும்பி ஓடவும் முடியாது. சேலைத் தலைப்பு மச்சானின் சால்வையோடு முடிந்து கிடந்தது.

அறுகரிசி போட்டு வாழ்த்தும் வரிசையில் அவளும் வந்தாள். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து அதேபோல் தலையில் தூவினாள். பிறகு குனிந்து, "இவரை உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று வந்ததை விழுங்கி, ஆங்கிலத்தில் ஆமாம் என்றேன்.

"நான் இரண்டு தடவை முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப் பார்த்துவிட்டேன்," என்றாள். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். மச்சான் என் பக்கம் சாய்ந்து, "ஆரப்பா உது, நல்ல பிள்ளையாக் கிடக்கு" என்றார்.

ஆறுதல் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அம்மையார் வாழ்த்த வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னுடைய அட்டவணையில் இருக்கிறவர்கள் ஒருவரும் சாப்பிட வரமாட்டார்கள்," என்றார். "உன்னுடையதில் பாதிப்பேர் அங்கே வடை சாப்பிடுகிறார்கள். இதை மடித்து வீட்டுக்குள் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை."

அதற்குப் பிறகு நான் என்ன கோபிப்பது? அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கை குளிர்ந்து போயிருந்தது.

படம் பிடிப்பவர் அவசரப்படுத்தினார். "பொம்பிளை பகுதி ஆக்கள் வாங்கோ" என்றார். மேடை நிறைந்தது. கிளிக் என்றது. "சரி, இறங்குங்கோ. இனி மாப்பிள்ளை பகுதி வாங்கோ" என்றார். ஒருவரும் இறங்கவில்லை. அவர் கமெராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். மாமாவுக்குச் சிரிப்பு.

மேடையின் கீழே நின்ற அம்மையார், தான் எந்தப் பக்கத்துப் படத்தில் நிற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். "எந்தப் பக்கம் நிண்டால் என்ன, ஏறுங்கோ. முதல் படத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லு பிள்ளை, இவ அதில இல்லை."

திருப்பி எடுத்தார்கள். இரண்டு படங்களிலும் அம்மையார் இருக்கிறார், எங்கள் ஆட்களின் நடுவில், தொப்பியோடு. இரண்டிலும் கமெராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.